பதினெட்டாவது ஜன்னல்

தெற்கு முகப்பில் ஜன்னல்கள் பதினெட்டு.
உள்ளே நின்று எண்ணினால் பதினேழு.

தார்ன்விக் மாளிகையின் முகத்துக்கு ஒரு வயது,
முதுகுக்கு வேறு வயது.
பின்னால் செங்கல், கோணல் புகைபோக்கிகள்,
ஒன்றன்மேல் ஒன்று சாயும் கூரைகள்.
முன்னால் தேன்நிறக் கல், நான்கு தூண், முக்கோண நெற்றி.
இத்தாலி சுற்றித் திரும்பிய வாரிசு ஒருவன்
இருநூறு வருஷத்துப் பழைய வீட்டுக்கு
மாட்டிவிட்ட முகமூடி.

கதவுக்கு இடப்பக்கம் ஒன்பது ஜன்னல் என்றால்
வலப்பக்கமும் ஒன்பது வேண்டும்.
ஒன்பதாவது விழவேண்டிய இடத்தில்
வேலைக்காரர் படிக்கட்டு,
கரி வாளி ஏறவும் மூத்திரப் பானை இறங்கவும்.
அங்கே கண்ணாடி வைத்தால்
புல்வெளியில் உலவும் விருந்தினர்
பானையைப் பார்க்க நேரும்.

ஆகவே கல்லில் சட்டம் செதுக்கி
உள்ளுக்குக் கறுப்புப் பூசி
வெள்ளைக் கோடு இழுத்தார்கள்.
முப்பதடி தள்ளி நின்றால் ஜன்னல்தான்.

நான் முப்பதடி தள்ளி இல்லை.
சாரத்தின் மூன்றாம் தளத்தில்,
பெல்ட்டில் கொக்கி, பல்லில் தூரிகை,
கையில் பாதுகாப்புத் துறையின் தாள்:
கறுப்புக்கு எண் உண்டு, வெள்ளைக்கு எண் உண்டு.
பிறகு ஒரு வரி.
'மேல்வரிசை, இடமிருந்து மூன்றாம் கட்டம்:
மஞ்சள் கறை, கட்டைவிரல் அகலம்.
இருந்தபடியே.'

கீழிருந்து ஸ்கெல்ஹார்ன் கத்துகிறார்,
சாவிக்கொத்தும் கணக்குப் புத்தகமும் அவர் பொறுப்பு:
ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று,
ஜாபெஸ் ட்ரண்டில், பெயின்டர்,
கூலியில் ஆறு பென்னி பிடித்தம்,
இல்லாத ஜன்னலில் விளக்கு ஏற்றியதற்கு.

பணத்தைப் பிடித்தார்கள்.
விளக்கை அழிக்க மறந்தார்கள்.
அடுத்து வந்தவன் அதை உத்தரவு என்று நினைத்தான்.
அவனுக்கு அடுத்தவனும்.
இப்போது அதை அழிக்க வேண்டுமென்றால்
மூன்று பிரதிகளில் மனு.

மதியம் மழை. உள்ளே போய்
அந்தப் படிக்கட்டில் ஏறினேன்.
செல்பேசி விளக்கைப் போடவில்லை.
நாற்பத்து மூன்று படி.
முழுக்கச் சொரசொரத்த சுண்ணாம்புச் சுவர்;
தோள் உயரத்தில் மட்டும்
ஒரு பட்டை வழவழப்பு,
சோப்புக் கட்டி போல.
எத்தனை பேர் தடவித் தடவி ஏறினார்களோ,
இன்னொரு கை பானையோடு.
முப்பத்தெட்டாம் படி.
இதற்கு நேர் மறுபுறம்தான்
என் பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கிறது.
நடுவே இரண்டடிக் கல்.
ட்ரண்டில் இதில் ஒருமுறையாவது ஏறியிருப்பானா,
இல்லை, அன்று வெறுமனே சோம்பலா,
கணக்குப் புத்தகம் அதைச் சொல்லவில்லை.

மழை விட்டது.
மஞ்சளுக்கு மட்டும் தாளில் எண் இல்லை.
சாண்ட்விச்சைப் பிரித்து
முட்டைக் கருவுக்குப் பக்கத்தில் வைத்துக் கலந்தேன்.

கட்டைவிரல் அகலம் என்று எழுதியிருந்தது.
யாருடையது என்று எழுதவில்லை.
என் கட்டைவிரல்
கொஞ்சம் பெரியது.