நாற்பத்திரண்டு அடி மதில்

நகரசபைக் கடிதம் தெளிவாக இருந்தது:
நீளம் நாற்பத்திரண்டு அடி, உயரம் ஏழு.
திமிங்கிலம் ஒன்று. புறாத்தீவுப் பவளம். மான்கள்.
கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம்
நான்கும் ஒரே உயரத்தில்.
மனிதர் வேண்டாம்.
மனிதரை வரைந்தால்
யாருடைய மனிதர் என்று கேள்வி வரும்.

நான்கும் ஒரே உயரத்தில் நிற்க
மலையைக் கொஞ்சம் வெட்டினேன்.
தூரிகையால்தானே,
யாரும் வழக்குப் போடவில்லை.

மதில் பழையது.
காவலரண் இருந்த பக்கம்
விரல் நுழையும் குழிகள்.
பற்றி இரண்டு வாளி என்று எழுதியிருந்தார்கள்,
இரண்டும் பவளத்தோடு முடிந்துபோனது.
ஏணியில் நின்றபடி ரினோஸா கேட்டாள்:
"மானுக்குப் புள்ளி வேணும்தானே அண்ணை?"
குழிக்குக் குழி வெள்ளை வைத்தாள்.
எத்தனை என்று எண்ணவில்லை.
ஒரு மானுக்கு மட்டும்
நெஞ்சில், எந்த மானுக்கும் இல்லாத இடத்தில்,
நிறையப் புள்ளி.

ஐந்து மணிக்கு மெய்யான மான்கள் வந்தன,
கோட்டைப் பக்கமிருந்து,
ஓட்டோக்களை ஒரு பொருட்டாக எண்ணாமல்
வீதியின் நடுவால்.
ஒன்று மதிலடிக்கு வந்து நின்றது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தோம்.
அது கடிதத்தைத் தின்றது.
கல்லுக்கடியில் நான் வைத்திருந்த கடிதத்தை,
அளவுகளோடு, முத்திரையோடு.
எங்களுக்குக் கிடைத்த விமர்சனம்
அது ஒன்றுதான்.

இனி லூர்துநாயகியின் சங்கதி.
மதிலின் நடுவில், குடையோடு, கச்சான் தாச்சியோடு
பத்தொன்பது வருடமாக இருக்கிறாள்.
வியாபாரம் இல்லாத நேரம்
தலையைப் பின்னால் சாய்த்துக் கடலைப் பார்ப்பாள்.
சாய்ந்த இடத்தில் நல்லெண்ணெய்,
ஒரு தலையளவு,
சீமெந்துக்குள் ஊறிக் கறுத்திருந்தது.
சோப் போட்டோம். தின்னர் போட்டோம்.
மண்தாள் பிடித்து ரினோஸாவின் கை கொப்பளித்தது.
எத்தனை பூச்சுப் பூசினாலும்
மூன்றாம் நாள் உரிந்து விழும்,
சரியாகத் திமிங்கிலத்தின் கண்ணுக்குக் கீழே.

"நான் வேணுமெண்டா அங்கால போறன் தம்பி"
என்று போனாள்.
நாலாம் நாள் திரும்பி வந்தாள்.
"அங்க காத்து அடுப்பை நூக்குது."

திறப்புவிழாவில்
அந்த இடத்தை மறைத்து ஒரு பூச்சாடி வைத்தார்கள்.
நாடா வெட்டினார்கள்.
மூன்று மொழியிலும் பேசினார்கள்,
மூன்றிலும் ஒலிபெருக்கி கூவியது.
பூச்சாடி அன்றிரவே காணாமல் போனது.

இப்போது படம் எடுக்க வருகிறவர்கள்
குடையைக் கொஞ்சம் மடிக்கச் சொல்கிறார்கள்,
அவளைக் கொஞ்சம் நகரச் சொல்கிறார்கள்.
நகர்கிறாள்.
நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கினால்
இன்னும் கொஞ்சம் நகர்கிறாள்.

உப்புக்காற்று பவளத்தை முதலில் தின்றது,
பிறகு விகாரையின் வெள்ளையை,
பிறகு எல்லோருடைய வெள்ளையையும்.
மான்கள் மட்டும் அப்படியே.
குழிக்குள் இருக்கும் வெள்ளை
அழிய நாளெடுக்கும்.

வருடம் ஒருமுறை எனக்கு அழைப்பு வருகிறது.
'திருத்த வேலை, ஒரு சதுர அடி'
என்று பில் எழுதுகிறேன்.
உரியும் என்று தெரிந்தே பூசுகிறேன்.
நகரசபைக்கும் தெரியும்.

இந்த முறை
நீலம் காயமுன்னே அவள் சாய்ந்துவிட்டாள்.
சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.
கண்ணை மூடியிருந்தாள்.
அன்று மாலை
கொண்டை நிறையக் கொஞ்சம் திமிங்கிலம்
பாலையூற்று பஸ்ஸில் ஏறி
வீட்டுக்குப் போனது.