ஐந்தரை மணி

கொழும்பு பஸ்ஸில் வந்த பார்சலைக்
குருநகர் ஐஸ் அறைக்குப் பக்கத்து மேசையில் பிரித்தேன்.
அலுமினியக் கூடு, சவர்க்காரப் பெட்டி அளவு.
அதற்குள் படுக்கப்போகும் கணினிப் பலகை
சீட்டுக்கட்டை விடச் சற்றுப் பெரிது.
நாலு ஸ்குறூ என்று தாளில் படம்.
பையில் மூன்று.

"முக்காலி நிக்கேல்லையே பிள்ளை" என்றார் யூஜின்,
முழங்கை வரை செதில் மினுங்க.
கிட்ட வராதேங்கோ, ஈரம், என்றேன்.

சூடு கடத்தும் நீலப் பட்டையின் மேல்தாளை
உரிக்க மறந்து மூடி,
திறந்து, உரித்து, மூடினேன்.
விசிறிக்கு இரண்டு வயர். சிவப்பு, கறுப்பு.
மாறிக் கொழுவினால் சுற்றாது என்பதை
மாறிக் கொழுவித்தான் படித்தேன்.

கரண்ட் கொடுத்தால்
சிவப்பு விளக்கு மட்டும்.
திரை கறுப்பு.
பாஷையூர்ப் பக்கம் ஒரு வள்ளம்
எஞ்சின் பிடிக்காமல் இருமிக்கொண்டிருந்தது.
கால்மணி நேரம் கழித்துக் கண்டேன்:
மெமரி கார்ட் மேசையிலேயே,
தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில்.

மறுபடி.
இப்போது பச்சை,
அவசரச் செய்தி கொண்டுவந்து
திக்குகிறவனைப் போல.
எழுத்துகள் வாசிக்க முதல் ஓடிப் போயின.

ஊர் கேட்டது.
பட்டியலில் யாழ்ப்பாணம் இல்லை, கொழும்பை அழுத்தினேன்.
பெயர் கேட்டது. சூடை என்று வைத்தேன்.
"ஐஸ் அறைக்குச் சூடையோ!"
யூஜின் சிரித்தது கூலர் வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு நேரம் காட்டியது:
1970, தை முதலாம் தேதி, காலை ஐந்தரை.
உள்ளே மணிக்கூட்டுப் பற்றரி இல்லை.
கேட்க ஆளில்லாவிட்டால்
அது அங்கேதான் கண்விழிக்கும்.

யூஜின் குனிந்து பார்த்தார்.
"நான் பிறக்க இன்னும் பதினொரு மாசம் கிடக்கு."
கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

போன் வைபையைக் கொடுத்தேன்.
ஒரு நொடிதான்,
அவ்வளவையும் தாண்டி
இன்றைக்கு வந்து நின்றது, மூச்சு வாங்காமல்.

சும்மா அந்த நேரக் கோப்பைத் திறந்து பார்த்தேன்.
தொண்ணூற்றாறில் கொழும்பு
இரண்டு தரம் முள்ளை நகர்த்தியது இருந்தது,
இரண்டாயிரத்து ஆறில் திருப்பி வைத்ததும்.
வன்னியில், புது நேரம் வந்துசேராத கொட்டிலில்
பத்து வருஷம் பழைய நேரமே ஓட்டிய
எங்கள் மஞ்சள் மணிக்கூடு
அதில் இல்லை.

நாலாவது ஓட்டைக்கு யூஜின்
வலை பொத்துகிற நைலோனால் முடிச்சுப் போட்டார்.
வெப்பமானியை ஐஸுக்குள் இறக்கிவிட்டு
அங்கிருந்தே கத்தினார்:
"இப்ப எத்தினை?"

மைனஸ் நாலு.
மூன்று.
கதவைச் சாத்துங்கோ.