ஒரு புள்ளி குறைய

மலிபன் வீதிக் கடையில்
கடதாசியை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்தோம்.
யானைப் பிண்டத்தில் செய்த தாளும் இருந்தது.
ஞானசீலனுக்கு அதில்தான் ஆசை.
"சாமியறையில வைக்கிற காட்," என்றேன்.
"பிள்ளையாரு ஒன்னும் சொல்லமாட்டாரு," என்றான்.
கடைசியில் வெங்காயத்தோல் நிறத்தில் ஒரு மட்டை.
நூற்றைம்பது.
பத்து, பிழை விடுவதற்கு.

அச்சகம் சொன்ன விலைக்கு
ஒரு மாத வாடகையே கட்டிவிடலாம்.
ஆகவே அழிறப்பர்,
ஒரு சவரத்தகடு, ஊதா மை.
கண்ணாடியில் பார்ப்பதுபோல்
இடம் வலமாக 'திருமணம்' என்று எழுதி
எழுத்தல்லாத எல்லாவற்றையும் செதுக்கி எறிந்தேன்.
ணகரத்தின் சுழிகளுக்கே இரண்டு இரவு போயிற்று.
நாள், நேரம், பம்பலப்பிட்டி மண்டபம்
எல்லாம் அலுவலகப் பிரின்டரில்,
மனேஜர் வீட்டுக்குப் போன பிறகு.

வெள்ளவத்தையில் எதுவும் முழுதாய்க் காய்வதில்லை.
ஐந்தாம் மாடி. யன்னலுக்குக் கீழே தண்டவாளம்,
அதற்கப்பால் உடனே கடல்.
உப்புக் காற்றில் மட்டைகள் அப்பளமாய் வளைந்தன.
துவாய்க்கும் அவன் சேட்டுக்கும் நடுவே
கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன்.
பாணந்துறை ரயில் போகும்போதெல்லாம்
நூற்று நாற்பது திருமணமும்
ஒன்றாய் நடுங்கின.

அவன்தான் கண்டான்,
தேத்தண்ணிக் கோப்பையோடு கொடியடியில் நின்று.
"மானாவுக்கு மேல ஒன்னும் இல்லையே."
அழிறப்பரைத் திருப்பிப் பார்த்தேன்.
எங்கோ தகடு வழுக்கியிருக்கிறது.
கூட்டிக் கொட்டிய துகள்களில்
எது அந்தப் புள்ளி?

திருமணம.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
உதடு பொருந்தியதும் திறந்துகொள்கிறது,
இன்னும் ஏதோ சொல்ல இருப்பதுபோல.
"இப்படியே இருக்கட்டுமே," என்றான்,
"மூடாம."
சனம் சிரிக்கும் என்றேன்.

மதுவந்தி வேலை முடிந்து வந்தாள்.
மூன்றாம் மாடிச் சந்தமாலி பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு வந்தாள்.
தமிழ் வாசிக்கத் தெரியாது அவளுக்கு.
இந்தப் பொட்டு என்ன செய்யும் என்று கேட்டாள்.
சத்தத்தை நிறுத்தும் என்றேன்.
"ஆ, எங்கட எழுத்திலயும் இருக்கு,
தலையில சின்னதா ஒரு கொக்கி."
அதன்பின் எங்களைவிடக் கவனமாய் வைத்தது அவள்தான்:
குண்டூசித் தலையை மையில் தொட்டு
மூச்சை அடக்கி, ஒன்று.
மதுவந்தியினுடையவை கத்தரிக்காய் மாதிரி.
ஞானசீலன் தீக்குச்சியால் வைத்தான்;
சில, மகரத்தை விட்டு
ணகரத்தின் தலைக்கு நகர்ந்திருந்தன.
கரண்ட் போனது. கைபேசி வெளிச்சத்தில் முப்பது.
பன்னிரண்டரைக்கு எல்லோர் விரலும் ஊதா.

கொட்டாஞ்சேனைக்கு ஒன்றைத் தபாலில் போட்டேன்.
அண்ணை பத்திரிகையில் இருபது வருடம் பிழை பார்த்தவர்.
மார்கழியில் ஞானசீலனிடம்
ஒரேயொரு கேள்வி கேட்டார்: "எந்தத் தோட்டம்?"
பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து போனவர்தான்.
பிறகு என்னோடும் கதையில்லை.

செவ்வாய் இரவு ரெலிபோன்.
"காட் கிடைச்சது."
நான் பேசவில்லை. அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"மகர மெய்யில புள்ளி இல்லை."

இருக்க முடியாது.
நூற்று நாற்பதையும் இரண்டு தரம் எண்ணினேன்.
உறையில் போட்டு ஒட்டியது மட்டும் ஞானசீலன்.
திரும்பிப் பார்த்தேன்.
நிலத்தில் இருந்து
குங்குமப் பொட்டலத்துக்குத் தாள் மடித்துக்கொண்டிருந்தான்,
எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று வாய்க்குள்.
எண்ணிக்கை நின்றிருந்தது.
தலை நிமிரவில்லை.

"உங்களிட்டப் பேனை இருக்கும்தானே," என்றேன்.

கடைசி ரயில் வந்தது.
அது போய் முடியுமட்டும்
அண்ணை வைக்காமல் நின்றார்.
பிறகு, இருமிக்கொண்டு,
"சிவப்புத்தான் இருக்கு."