கிரேன் ரசீது

பதினாலாம் வளைவில், மழை விட்டு
அரை மணி நேரம் ஆகியிருந்ததாம்.
மேலிருந்து ஒரு கல் உருண்டது. பெரிய கல் இல்லை.
அதற்கு ஒதுங்கிய வண்டி
தடுப்புச் சுவரைத் தாண்டிப் போயிருக்கிறது.
நாற்பதடி கீழே ஒரு சில்வர் ஓக் மரம்
குறுக்கே நின்று பிடித்துக்கொண்டது.
ஓட்டியவருக்கு இடது மணிக்கட்டில் மட்டும் கட்டு.

நான் போனபோது வண்டி குரங்குச்சாவடிப் பட்டறையில்
பானெட்டைப் பிளந்துகொண்டு நின்றது.
அளந்தேன், படம் எடுத்தேன்,
சேஸிஸ் நம்பரைச் சாக்பீஸ் தேய்த்துப் படித்தேன்.
பின்சீட்டின் அடியில் நாலு ஆரஞ்சு.
ஒன்றுகூட நசுங்கவில்லை.

ரப்பர், பிளாஸ்டிக் என்றால் பாதி விலை கழியும்.
ஃபைபருக்கு நூற்றுக்கு முப்பது.
இரும்புக்கு வயதைப் பார்த்து.
கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது,
உடைகிற நிமிடம் வரை அது புதுசு.
இருபத்திரண்டு வருட சர்வேயர் நான்.
இந்த ஒரு விதியை எழுதியவருக்கு
ஒரு டீ வாங்கித் தர வேண்டும் என்று ஆசை.

வண்டியின் காப்பீட்டு மதிப்பு
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
அதில் முக்கால் பங்கு, இரண்டு முப்பத்துநாலு.
செலவு அதற்குள் நின்றால் ரிப்பேர்.
தாண்டினால் டோட்டல் லாஸ்,
பழைய இரும்புக்காரர்கள் ஏலம் கேட்க வருவார்கள்.

பட்டறை சுப்புராயன் போட்ட எஸ்டிமேட்
இரண்டு இருபத்தேழு, நானூற்றைம்பது.
‘பிரிச்சுப் பாத்தா இன்னும் ஏறுமுங்க’ என்றார்,
ஏறினால் நல்லதா கெட்டதா என்று
என் முகத்தில் தேடிக்கொண்டே.

பிழைத்தது என்று பேனாவை மூடப் போனேன்.
ஃபைலின் அடியிலிருந்து வந்தது அந்த ரசீது:
கிரேன், இரவு வாடகை, பெல்ட் இரண்டு, ஆள் கூலி.
ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
மீட்கிற செலவும் கணக்கில் சேரும்.
இரண்டு முப்பத்தாறு, தொள்ளாயிரத்தைம்பது.

ஆக, விழுந்ததில் சாகவில்லை.
தூக்கியதில் செத்தது.

எட்வின் அருள்தாஸ் ஏற்காட்டில்
ஒரு பள்ளி விடுதிக்குக் கணக்கெழுதுகிறவர்.
மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து
என் கூட்டலைத் தலைகீழாகவே படித்துவிட்டார்.
‘பணம் கைக்கு வந்துடும் சார், வேற வண்டி பாத்துக்கலாம்.’
‘பாக்கலாம். அது எந்த வளைவுல
செகண்ட் கியர் கேக்கும்னு
முதல்ல இருந்து படிக்கணுமே.’
சுவர்க்காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
‘அந்த கிரேன் காசை நான் கேக்கலைன்னா?’

கேட்டதைக் குறைப்பது என் தொழில்.
கேட்காமல் விட்டதைக் கூட்டச் சொல்லி
இதுவரை எந்த அலுவலகமும்
எனக்குக் கடிதம் போட்டதில்லை.
ஆனாலும் உடனே தலையாட்டவில்லை.
மின்விசிறி சத்தம் மட்டும் இருந்தது.

வலது கை நகத்தாலேயே
ஸ்டேப்ளர் பின்னை நிமிர்த்தினார்.
ரசீது சட்டைப்பைக்குள் போனது.
எஸ்டிமேட்டின் மூலையில் இரண்டு துளைகள்.
மேலாளர் கேட்டால் சொல்ல
ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன்.
அவர் கேட்கவில்லை.
பிரித்துப் பார்த்ததில் எதுவும் ஏறவுமில்லை,
அல்லது சுப்புராயன் ஏற்றவில்லை.

தை மாதம் லேடீஸ் சீட் பக்கம் ஒரு வேன் கிளெய்ம்.
போகிற வழியில் பதினாலில் நிறுத்தி எட்டிப் பார்த்தேன்.
சில்வர் ஓக்கில் ஆள் உயரத்துக்குப் பட்டை இல்லை.
பிசின் வடிந்து, கறுத்துக் காய்ந்திருந்தது.
அதை அளக்க யாரும் வந்த மாதிரி தெரியவில்லை.
என்னிடம் டேப் இருந்தது.
நானும் இறங்கவில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு வண்டி
செகண்ட் கியரில் முனகிக்கொண்டு இறங்கியது.
ஒரு விளக்கு புது வெள்ளை,
இன்னொன்று பழைய மஞ்சள்.
கண்ணுக்குக் கையை மறைத்து
ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.