முந்நூற்று முப்பத்தெட்டு

நெஞ்சுயரத்தில் அளக்க வேண்டும் என்பது விதி.
யாருடைய நெஞ்சு என்று கேட்டாள் சைமி, முதல் நாள்.
தரையிலிருந்து ஒன்று புள்ளி மூன்று மீட்டர்;
குள்ளமானவர்க்கும் அதுதான் நெஞ்சு என்றேன்.
பட்டையில் வெள்ளைக் கோடு, கோட்டின் மேல் காலிப்பர்.
அவள் எண்ணைக் கத்துவாள், நான் எழுதுவேன்.
காய்னூவின் இந்தச் சரிவில்
ஐந்தாண்டுக்கு ஒருமுறை யாரோ இருவர்
இப்படிக் கத்தியும் எழுதியும் போயிருக்கிறார்கள்,
ஐம்பத்திரண்டிலிருந்து.

மேற்குப் பாத்தியை எவரும் தொட்டதில்லை.
நடுவில் மூன்றில் ஒன்றை வெட்டினார்கள்.
கிழக்கில் சரிபாதி.
மிஞ்சியவை எவ்வளவு தடிக்கும்,
அடுத்து எப்போது வெட்டலாம்?
கேள்வி இவ்வளவுதான்.
பதில்தான் எழுபது வருஷமாக நின்றுகொண்டிருக்கிறது.

இந்த முறை துளையிட அனுமதி கிடைத்தது.
திருகித் திருகி உருவினால்
வைக்கோல் தடிமனில் ஒரு குச்சி வரும்,
ஈரமாய், பிசின் மணக்க.
லென்சுக்கு அடியில் ஒவ்வொரு கோடும் ஒரு குளிர்காலம்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பைனில்
எழுபத்தேழுக்கு முந்தைய ஐந்து வளையங்கள்
ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன.
ஐந்தும் சேர்ந்து ஒரு நகத்தின் விளிம்பு.
அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

புழு வந்த வருஷங்கள்.
ஊசி இலைகளைத் தின்று தீர்த்துவிட்டு
கிளைகளைத் துடைப்பக்குச்சியாய் விட்டுப் போன புழு.

எழுபத்தேழின் நோட்டுப் புத்தகமோ
காடு செழித்ததாகச் சொல்கிறது:
பதினொன்று மில்லிமீட்டர், பதினொன்று, பதினொன்று,
பத்து, பதினொன்று.
அந்தப் பத்தைத்தான் வெகுநேரம் பார்த்தேன்.
அழகான கையெழுத்து. தௌனோ ஹெய்க்குரா.

அவர் மகன் மரம் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறார்.
எஞ்சினை அணைக்காமலே சொன்னார்:
"அந்த இலையுதிர்காலம் அப்பாவுக்கு இடுப்பு போயிற்று.
சொன்னால் வேலை போகும்.
சமையலறையில் உட்கார்ந்து எழுதினார், விடியும்வரை."

ஒரே இரவில்
முந்நூற்று நாற்பது மரங்களை
மேசைமேல் வளர்த்திருக்கிறார் மனிதர்.

எண்பத்திரண்டில் வந்தவர்
மரங்கள் இளைத்திருக்கக் கண்டு
தன் கையைச் சந்தேகித்து, எண்களைத் திருத்தினார்.
திருத்திய எண்கள் அட்டவணையாயின.
அட்டவணை கையேட்டில் ஏறியது.
கையேட்டைப் பார்த்து
ஏரிக்கு அந்தப் பக்கம் எட்டு வருஷம் முன்னதாகவே
இரண்டாம் வெட்டை முடித்துவிட்டார்கள்.
ஏட்டில் பருத்த மரம்
ரம்பத்துக்கு மட்டும் நிஜமாக இருந்தது.

எழுபத்தேழின் கட்டங்களை நான் காலியாக்கினேன்.
பூஜ்யம் இல்லை, காலி.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணினிக்குப் புரியவைக்க
ஒரு வாரம் ஆயிற்று.
ஹெய்க்குராவின் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது. ஆனால் ஒழுங்காக வரவில்லை.

கடைசி நாள், நாலு மணிக்கே இருட்டு.
மூன்று மரங்கள் பாக்கி,
அதில் முந்நூற்று முப்பத்தெட்டு சதுப்புக்கு அப்பால்.
பனி ஓடு மெலிசு. சைமியின் பூட்ஸில் ஏற்கெனவே தண்ணீர்.
போன தடவை இருநூற்று எண்பத்தேழு.
அதற்கு முன் எண்பத்துமூன்று. அதற்கு முன் எழுபத்தொன்பது.
பென்சில் என் விரலில்தான் இருந்தது.
சைமி ஒன்றும் சொல்லவில்லை,
விளக்கின் பட்டையை நெற்றியில் இறுக்கிக்கொண்டாள்.

முழங்கால்வரை நனைந்து போய்ச் சேர்ந்தோம்.
மூன்றுவிரல் மரங்கொத்தி ஒன்று
அந்த ஸ்புரூஸின் ஒரு பக்கப் பட்டையை
வெள்ளைக் கோட்டோடு சேர்த்து உரித்துப்போட்டிருந்தது.
மறுபடி தரையிலிருந்து அளந்து புதுக்கோடு போட்டோம்.
"இருநூற்று எண்பத்தொன்று" என்று கத்தினாள்,
நான் பக்கத்திலேயே நின்றிருந்தும்.

தொண்ணூற்றொன்று என்று எழுதியிருப்பேன்.