கட்டில் போட ஓர் இடம்

பத்தொன்பது வருடமாக
ஈயத்தகடு பதித்த கதவுக்குப் பின்னால்
மற்றவர்களின் விலா எலும்புகளைப்
படம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.
எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது.
மழை பெய்வதை
உள்ளே வருகிறவரின் நனைந்த தோளைப் பார்த்துத்தான்
தெரிந்துகொள்வேன்.

அதனால் கேட்டேன்,
சுவர் குறைந்த ஒரு வாழ்க்கை.
வெளியே சமைத்து, வெளியே குளித்து,
வெளியிலேயே தூங்கி,
மழைக்கும் புடவை மாற்றவும் மட்டும் உள்ளே.

குணாளன் மின்வாரியத்தில் லைன்மேன்.
"வெயில் எனக்குச் சம்பளம்,
உனக்கு ஆசை" என்றான்.
ஆனாலும் மடக்குக் கட்டிலை
பைக்கில் வைத்துக் கட்டியது அவன்தான்.

புரோக்கர் தணிகாசலத்துக்கு
என் நிபந்தனை பிடிபடவே இல்லை.
பட்டா பார்ப்பார்கள், வில்லங்கம் பார்ப்பார்கள்,
வாஸ்து பார்ப்பார்கள்.
ஓர் இரவு படுத்துப் பார்க்கிறேன் என்று
யாரும் கேட்டதில்லையாம்.
"பொண்ணு பார்க்கப் போன வீட்டுல
பஜ்ஜியோட எழுந்துடணும் மேடம்."

முதல் இரவு கடலூர் முதுநகருக்குத் தெற்கே.
தென்னை, கடல் சத்தம், விலையும் மலிவு.
இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது.
என்ன வாடை என்று சொல்லத் தெரியவில்லை,
நாக்கில் ஒட்டிக்கொண்டது.
விடியும் முன்பே கட்டிலை மடக்கினோம்.

அடுத்தது பாகூர் பக்கம், ஏரியிலிருந்து கூப்பிடு தூரம்.
எல்லை எங்கே என்று
தணிகாசலத்துக்கே நிச்சயமில்லை.
தலை புதுச்சேரியிலும்
கால் கடலூர் மாவட்டத்திலுமாகப் படுத்திருந்தோம்.
எல்லை இருந்தால் சாராயக்கடை இருக்கும் என்பது
பத்து மணிக்கு மேல்தான் உறைத்தது.
பைக் விளக்குகள் ஒவ்வொன்றாகக்
கட்டில்மேல் வெளிச்சம் அடித்துப் போயின.
ஒருவர் வண்டியை நிறுத்தி
"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்,
உண்மையான அக்கறையோடு.
பதில் வருவதற்குள் வண்டிமேலேயே தூங்கிப்போனார்.

பண்ருட்டி தாண்டி முந்திரிக்காடு.
செம்மண். மாசி மாதம், மரமெல்லாம் பூ.
அன்று நான் பேசவே இல்லை.
இதுதான், இதுதான் என்று
மல்லாந்து கிடந்தேன்.
குணாளன் மட்டும்
தொய்ந்த கம்பியைப் பார்த்து
யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.
ஐந்தரைக்கு
முகத்தில் துண்டு கட்டிய இரண்டு பேர்
முதுகில் மெஷினோடு வந்தார்கள்.
"மருந்தடிக்கணும், எழுந்து தள்ளிப் போயிடுங்கம்மா.
எத்தனை நாளைக்கா? பூ பிஞ்சாகுற வரைக்கும்."
திரும்பும் வழியில்
டீக்குக்கூட இறங்கவில்லை.

பிறகு பெண்ணையாற்றங்கரை, அழகியநத்தம்.
பெயருக்கு ஏற்ற அழகு
அந்த மனையில் இல்லை.
கரும்பு வெட்டிய வயல்,
ஒரு பக்கம் சாய்ந்த மோட்டார் கொட்டகை,
கொசு.

பக்கத்து நிலத்து அஞ்சலாட்சி
கட்டிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"தண்ணி பார்த்தீங்களா?" என்றார்.
குடித்துப் பார்த்தோம் என்றேன்.
"அதில்ல."
கொட்டகைச் சுவரருகே கூட்டிப்போனார்.
என் இடுப்புக்கு மேலே
செங்கல்லில் ஒரு பழுப்புக் கோடு.
"அந்த டிசம்பர்ல ஆறு இதுவரைக்கும் வந்துச்சு.
ரெண்டு ராத்திரி.
மாட்டை அவுத்துவிட்டுட்டு நான் கூரைமேல இருந்தேன்."
தணிகாசலம்
ஒலிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு
வரப்போரம் நகர்ந்தார்.

கோட்டைத் தொட்டுப் பார்த்தேன்.
முறிந்து கூடிய எலும்பில்
இப்படி ஒன்று தெரியும்.
அந்தக் காலோடுதான்
ஆள் நடந்து வந்திருப்பார்.

குணாளன் டேப்பை இழுத்தான்.
"தரைமட்டம் இதுக்கு மேல ரெண்டடி.
ஒரே ஒரு ரூம்.
மீட்டர் பெட்டி அதுக்கும் மேல."
மீதி இருபத்திரண்டு சென்ட்டும் வெளி.
கோடு இருந்ததால்
விலையில் ஒன்றரை லட்சம் இறங்கியது.
அஞ்சலாட்சியை முறைத்துக்கொண்டே
தணிகாசலம் இறக்கினார்.

அன்றிரவு கொசு தின்றது.
தூரத்தில் கரும்பு லாரி ஒன்று
மேடேற முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது.
எப்போது தூங்கினேன் தெரியாது.
கண் விழித்தபோது
பனியில்
என் தோள் நனைந்திருந்தது.