படிவத்தின் ஏழாவது கட்டம்

பள்ளத்தூர். பதினொரு புள்ளிக்கும் பொதுவான வீடு.
நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கியபோது
வளவில் பாதி லாரியில் ஏறியிருந்தது.
தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடி,
வைக்கோல் சுற்றிய எனாமல் தூக்குகள்.
காரைக்குடிக் கடைக்காரர் ஜபருல்லா
சுண்ணக்கட்டியால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருந்தார்.
சிறுத்தைக்குப் போடவில்லை.
"அது நமக்கு வேணாம்மா.
ஒரு மான்கொம்புக்கு
மூணு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாச்சு."

புலி என்றார் சாத்தப்பன்.
சிறுத்தை என்று எழுதினேன்.
அட்டவணை ஒன்று. பதப்படுத்திய முழு உடல், ஒன்று.
உரிமைச் சான்று எழுபத்து மூன்றில்,
அவருடைய ஐயா பெயரில், அப்பாவைப் பெற்றவர்.
அவர் போய் நாற்பது வருடம்.
அரசாங்கத்துக்கு யாரும் சொல்லவில்லை.

"விக்கலாமா?"
முடியாது.
"சிங்கப்பூர்ல தம்பி கேக்குறான், சும்மா குடுத்தா?"
முடியாது.
"அப்ப என்னதான் செய்யலாம்?"
வைத்திருக்கலாம். இறக்கலாம்.
இறந்தால் வாரிசுக்குப் போகும்.
சட்டம் அடைக்காத வழி அது ஒன்றுதான்.
வேண்டாமென்றால் எழுதிக் கொடுங்கள்,
அரசு எடுத்துக்கொள்ளும்.
"எடுத்து?"
நான் பேனா மூடியைத் தேடினேன்.
எரிச்சிருவோம் சார் என்றார்
வனக்காப்பாளர் ஆரோக்கியம்.

நாடாவைப் பிடித்தோம். மூக்கிலிருந்து வால்நுனி வரை
சான்றில் ஆறடி ஏழங்குலம்.
நாடாவில் ஆறடி நாலு.
செத்த மிருகம் தேயுமா?
மூன்று அங்குலத்துக்கு மேலிடத்தில்
நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
உமையாள், ஐம்பத்தேழு வயது, சென்னையில் வங்கி மேலாளர்,
கைப்பையைத் திறந்து
ஒரு விபூதிச் சம்புடத்தை நீட்டினார்.
உள்ளே பஞ்சில் வால்நுனி.
"ஏழு வயசுல மேல ஏறி உக்காந்தேன், ஒடிஞ்சிருச்சு.
அடிப்பாகன்னு ஒளிச்சு வச்சேன்.
அப்புறம் எங்க மாத்தலானாலும்
கூடவே வந்திருச்சு."
அறிவிக்காத பாகம். அனுமதியில்லாத இடமாற்றம்.
பிரிவு எண்கள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன.
நுனியை வாலோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன்.
அவர் கை நடுங்கியதில் நாடா ஆடியது.
ஆறடி ஏழு.
எழுதிக்கொண்டேன்.

ஏழாவது கட்டம்: கிடைத்த வழி.

"பர்மால சுட்டது" என்றார் சாத்தப்பன்.
எந்த ஊரில்?
மோல்மேன் என்றார் அவர். பெகு என்றார் இன்னொருவர்.
சுவரில் படம் இருந்தது:
ஐயா, துப்பாக்கி, காலடியில் இதே சிறுத்தை.
பின்னால் அடர்ந்த காடு.
காட்டின் இடது மூலை சற்றே மடிந்திருந்தது;
மடிப்புக்குக் கீழே சிமெண்டுத் தரை.

லாரியில் ஏறவிருந்த பெட்டியிலிருந்து
பேரேட்டை எடுத்து வந்தவரும் உமையாள்தான்.
ஈஸ்வர வருஷம், தை மாதம்.
மைசூர் ஏலத்தில் சிறுத்தை உரு 1க்கு ரூ. 140-0-0.
ரயில் கூலி 6-10-0.
மதுரையில் படம் எடுத்த வகை,
துப்பாக்கி வாடகை உள்பட, 3-8-0.
ஊருக்கு என்ன கதை சொன்னாரோ,
கணக்கில் அவருக்குப் பொய் எழுத வரவில்லை.

"இதைப் போடணுமா வனவரம்மா?"
சாத்தப்பன் குரலை இறக்கினார்.
ஜபருல்லா பார்வையை லாரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.
கிரயம் என்று எழுதினேன்,
சிறிய எழுத்தில்.

பக்கத்தை மூடப் போனவர் விரல் நின்றது.
கூலிக்குக் கீழே, மை கொஞ்சம் பரவி, இன்னொரு வரி:
கண்ணாடிக் கண் 2, தனியாக, 4-0-0.

கண்ணுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஆரோக்கியம் அரக்கை உருக்கத் தொடங்கினார்.
நான்கு ரூபாய்க்கு வாங்கிய இரண்டும்
லாரியின் பின்கதவு சாத்தப்படுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தன.